கரண்ட் மேல் போட்ட பழி

கணினி கெட்டுப்போனால் நம் ஊரில் முதல் குற்றவாளி எப்போதும் கரண்ட்தான். "கரண்ட் போயிட்டு வந்துச்சு, அதுக்கப்புறம் ஆன் ஆகலை" என்று யாராவது சொன்னால் போதும், கேட்பவர் தலையாட்டுவார், சர்வீஸ்காரரும் தலையாட்டுவார், மேற்கொண்டு விசாரணையே கிடையாது. இந்தத் தீர்ப்பு எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. வோல்ட்டேஜ் எகிறினால் பொருள் போகும், சரி. நியூட்ரல் அறுந்து தெருவே புகைந்த கதையெல்லாம் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். ஆனால் கரண்ட் சும்மா போனதால் ஒரு பொருள் எப்படிக் கெடும்? எதுவுமே ஓடாமல் கிடந்த அந்தச் சில மணி நேரத்தில் உள்ளே அப்படி என்னதான் நடந்துவிடும்? சங்கரன்கோவில் பக்கம் என் மாமா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சமீபத்தில் அங்கே ஒரு கணினியைப் பிரித்துப் பார்க்க நேர்ந்ததில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. பதில் கிடைத்த பிறகு பழைய தீர்ப்பின்மேல் எரிச்சல் இன்னும் கூடிவிட்டது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடை சின்னது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு கணினி, அதற்கு ஒரு 600 விஏ யூபிஎஸ். பட்டா, சாதிச் சான்றிதழ், தேர்வு விண்ணப்பம், பான் கார்டு எல்லாம் அந்த ஒரே கணினியில்தான். இரவு கடையைச் சாத்தும்போது மாமா விண்டோஸில் ஷட் டவுன் கொடுப்பார், அவ்வளவுதான். சுவர் சுவிட்சையும் யூபிஎஸ்ஸையும் தொடமாட்டார், ஏனென்றால் அதே ஸ்விட்ச் போர்டில்தான் கேமரா ரெக்கார்டரும் மாட்டியிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. வந்ததும் கணினியின் பட்டனை அமுக்கினால் ஒரு அசைவும் இல்லை. உள்ளூர் சர்வீஸ்காரர் வந்து பார்த்து, "ஹை வோல்ட்டேஜ் அடிச்சிருக்கு, எஸ்எம்பிஎஸ் போச்சு, மதர்போர்டும் போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டுக் கரண்ட்டைக் கணினிக்கு வேண்டிய சின்ன வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பவர் சப்ளைப் பெட்டி. மாமா எனக்குப் போன் போட்டார். "மாப்ள, கரண்ட் அடிச்சிருச்சாம்ல, புதுசுதான் வாங்கணுமா?"

நான் முதலில் கேட்டது, "மாமா, கடையில வேற என்னவெல்லாம் போச்சு?" ஒன்றும் போகவில்லை. ஃபேன் ஓடுகிறது, டியூப் லைட் எரிகிறது, ஜெராக்ஸ் மெஷின் நன்றாக இருக்கிறது, பக்கத்து டீக்கடை ஃபிரிட்ஜும் நன்றாக இருக்கிறது. அப்புறம் எந்த ஹை வோல்ட்டேஜ் வந்து, யூபிஎஸ்ஸைத் தாண்டி உள்ளே போய், இந்த ஒரு பெட்டியை மட்டும் தேடிப் பிடித்து அடித்தது?

இரண்டு புகார், ஒரே வாக்கியம்

"கரண்ட் வந்தப்புறம் ஆன் ஆகலை" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் சொல்வது வேறு விஷயம். கரண்ட் வந்ததும் கணினி தானாக உயிர்பெறவில்லை என்பதுதான் அவர்கள் புகார், பட்டனை அமுக்கினால் வந்துவிடும். அது பழுதே இல்லை. கணினியின் அடிப்படை செட்டிங் பக்கமான பயாஸில் 'ஏசி பவர் லாஸ்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும், அதில் ஆஃப், ஆன், கடைசி நிலை என்று மூன்று தேர்வுகள் இருக்கும், அது ஆஃபில் இருந்தால் தானாக ஆன் ஆகாது. ஆனில் வைத்தும் ஒவ்வொரு தடவையும் மறந்துபோகிறது, தேதியும் பல வருடம் பின்னால் போய் நிற்கிறது என்றால், போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. முப்பது நாற்பது ரூபாய் வேலை.

பட்டனை அமுக்கினாலும் வராதது இரண்டாவது வகை. அதிலும் உடனே எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சொல்லிவிட முடியாது. பட்டனே தேய்ந்து போயிருக்கலாம், அப்படியானால் மதர்போர்டில் பவர் சுவிட்ச் மாட்டும் இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஓடிவிடும். எஸ்எம்பிஎஸ் ஏதோ ஒரு கோளாறைப் பார்த்துத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டும் இருக்கலாம். அதற்குப் பவர் கார்டைப் பிடுங்கி, பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்து, உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜ் வடிய ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி மாட்டினால் போதும். இது நிறைய இடத்தில் வேலை செய்வதால்தான் "கழட்டி மாட்டு" என்பது சகல ரோகத்துக்கும் மருந்தாகிவிட்டது. ஆனால் நான் சொல்லப்போகும் பழுதுக்கு இந்த மருந்து எதிர்விளைவுதான் தரும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மாமாவை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பின்பக்கம் பார்க்கச் சொன்னேன். நெட் ஒயர் மாட்டும் இடத்தில் விளக்கு எரிகிறதா? இல்லை. மௌஸின் அடியில் சிவப்பு வெளிச்சம்? இல்லை. மதர்போர்டில் எங்காவது சின்னதாக ஒரு எல்இடி? மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். இதெல்லாம் கணினி அணைந்திருக்கும்போதும் எரியக்கூடியவை, அந்த மௌஸ் வெளிச்சம் இரவில் கடைக்குள் தெரியும் என்று மாமாவே சொன்னார். ஆக, கணினி அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் தர வேண்டிய ஸ்டாண்ட்பை கரண்ட் வரவில்லை. அதுவரை பொதுவாகப் போய்க்கொண்டிருந்த சந்தேகம் அங்கே ஒரு இடத்தில் வந்து நின்றது.

அணைத்தாலும் அணையாத பகுதி

தொண்ணூறுகளில் கணினி பழகியவர்களுக்கு நினைவிருக்கும், விண்டோஸ் 95-ல் ஷட் டவுன் கொடுத்தால், இனி கணினியை அணைக்கலாம் என்று ஆரஞ்சு எழுத்தில் காட்டிவிட்டு நிற்கும், நாம்தான் பட்டனை அமுக்க வேண்டும். அந்த ஏடி வகைப் பெட்டிகளில் முன்பக்கப் பட்டன் நிஜமான மெயின் சுவிட்ச், வீட்டுக் கரண்ட்டே அதன் வழியாகத்தான் போகும். அணைத்தால் அணைந்ததுதான். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வகையில் இது மாறியது. இப்போது எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இரண்டு பகுதிகள். பெரியது 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தருவது. அதன் பக்கத்தில் சின்னதாக ஒன்று, எந்நேரமும் 5 வோல்ட் மட்டும் தந்துகொண்டிருக்கும், ஊதா ஒயரில் வரும். பட்டன் அமுக்கியதை மதர்போர்டு உணர்ந்து பச்சை ஒயரின் வோல்ட்டேஜைக் கீழே இழுத்து, 'எழுந்திரு' என்று பெரிய பகுதிக்குச் சொல்வதற்கே அந்த ஊதா 5 வோல்ட் வேண்டும். அது இல்லையென்றால் பெரிய பகுதி முழு ஆரோக்கியத்தோடு இருந்தாலும் ஒன்றும் நடக்காது. சர்வீஸ்காரர் பச்சையையும் கருப்பையும் ஒரு கம்பியால் இணைத்துப் பார்த்து, ஃபேன் சுற்றவில்லை, எஸ்எம்பிஎஸ் முழுசாகப் போச்சு என்று முடிவு கட்டியிருக்கிறார். பச்சை ஒயர் சோதனையும் ஊதாவை நம்பித்தான் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, ஒரு நாளைக்கு அத்தனை பெட்டி பார்க்கிறவருக்கு இதற்கு மேல் நேரமில்லை.

இந்தச் சின்னப் பகுதியின் பிழைப்பு ரொம்பக் கஷ்டமானது. கணினி ஓடாதபோதும் இது ஓடுகிறது, அப்போது ஃபேன் சுற்றாது, அதனால் மூடிய தகரப் பெட்டிக்குள் தன் சூட்டிலேயே கிடக்கிறது. இதில் இருக்கும், கரண்ட்டைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் உள்ளே ஈரம் இருக்கும்வரைதான் வேலை செய்யும். பொதுவாகக் கிடைக்கும் ஒன்றில் 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று ஆயுள் கொடுத்திருப்பார்கள். பத்து டிகிரி குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் போடும் கணக்கு. சுற்றியிருக்கும் சூடு 65 டிகிரி என்று வைத்தால் 32,000 மணி நேரம் வருகிறது. தினமும் பத்து மணி நேரம் கரண்ட் இருந்தால் கிட்டத்தட்ட ஒன்பது வருடம். சுவர் சுவிட்சை அணைக்காமல் இருபத்து நாலு மணி நேரமும் விட்டால் மூன்றரை வருடம் தாண்டிக் கொஞ்சம். மாமாவின் பெட்டி அதைவிடப் பழையது.

சரி, காய்ந்த கெப்பாசிட்டர் என்றால் ஓடும்போதே நின்றிருக்க வேண்டாமா? முந்தின நாள் இரவு வரை நன்றாக ஓடியதே? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்டாண்ட்பை பகுதியை ஓட்டும் ஐசிக்கும், அதாவது சின்னச் சில்லுக்கும், சாப்பாடாகக் கரண்ட் வேண்டும். அது ஓட ஆரம்பித்துவிட்டால் தன் டிரான்ஸ்ஃபார்மரிலேயே தனக்கென்று ஒரு சுற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் முதன்முதலில் ஆரம்பிக்க? 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் 325 வோல்ட் வரும், அதிலிருந்து ஒரு பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் கரண்ட் சேரும். ரிப்பேர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த யூசி3842 ஐசியை எடுத்துக்கொண்டால், அந்தச் சேமிப்பு 16 வோல்ட் தொட்டதும் அது விழித்துக்கொள்ளும், விழித்ததும் அதன் பசி பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும், ரெசிஸ்டர் தரும் சொட்டு போதாது, டிரான்ஸ்ஃபார்மர் கைகொடுக்கும்வரை அந்தக் குட்டிக் கெப்பாசிட்டர்தான் தாங்க வேண்டும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஐசி மறுபடி தூங்கிவிடும். கெப்பாசிட்டர் காய்ந்திருந்தால் அந்தச் சின்ன இடைவெளியைத் தாங்காது. தோட்டத்துக் கிணற்றில் ஃபுட் வால்வு ஒழுகும் மோட்டாரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்வரை தண்ணீர் கொட்டும், ஒரு குறையும் தெரியாது. நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் காற்றுத்தான் வரும்.

டிக்... டிக்...

நான் கடைக்கே போய், மாமாவோடு எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதே தெருவில் டிவி ரிப்பேர் செய்யும் அண்ணாச்சியிடம் போனோம். எல்இடி டிவி, இன்வெர்ட்டர் போர்டு, மிக்ஸி எல்லாம் பார்ப்பவர், கணினி மட்டும் "நமக்கு வராது தம்பி" என்பார். நான் இது கணினியில்லை, வெறும் பவர் சப்ளைதான் என்றேன். பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் சீரிஸ் பல்பு போர்டில் மாட்டினார். உள்ளே ஷார்ட் இருந்தால் அந்த நூறு வாட் பல்பு பிரகாசமாக எரிந்து நிற்கும், இது ஒரு கணம் மின்னி அணைந்தது. "ஹை வோல்ட்டேஜ் அடிச்ச பீஸ் இப்படி மின்னாது" என்றார் அண்ணாச்சி. அப்படி அடித்திருந்தால் ஃபியூஸ் கறுத்திருக்கும், அதிக வோல்ட்டேஜைத் தானே வாங்கிக்கொள்ளும், நீலக் காசு மாதிரி இருக்கும் எம்ஓவி வெடித்திருக்கும், வாசனையாவது வந்திருக்கும். பிறகு மேசை ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பெட்டிமேல் காதை வைத்தார், என்னையும் வைக்கச் சொன்னார்.

டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். மறுபடி இடைவெளி. சுவர்க் கடிகாரத்தைவிட மெல்லிய சத்தம், கடை இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. அண்ணாச்சியிடம் இருந்தது பழைய முள் மீட்டர். டிஜிட்டல் மீட்டர் என்றால் எண்கள் தாறுமாறாகத் தாவியிருக்கும், நாமும் ஏதோ லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்திருப்போம். முள் அழகாகச் சொன்னது. ஊதா ஒயரில் கறுப்பைத் துணைவைத்துப் பிடித்ததும், டிக் சத்தம் வரும்போதெல்லாம் முள் ஒரு துடி துடித்து எழுந்து, 5-ஐத் தொடாமலே பூஜ்யத்தில் விழுந்தது. எழ முயல்கிறது, தாங்கவில்லை, விழுகிறது, மறுபடி சேர்த்துக்கொண்டு எழுகிறது. பெட்டி செத்துப்போகவில்லை என்று அதைப் பார்த்த மாமாவே சொல்லிவிட்டார். "பிக்கப் ஆகலை தம்பி, அவ்வளவுதான். டிவி போர்டுல தினமும் இதைத்தான் பார்க்கேன்" என்றார் அண்ணாச்சி. சத்தமே இல்லாமல் மௌனமாக இருந்திருந்தால் அந்தச் சொட்டு ரெசிஸ்டர் அறுந்திருக்கும் என்பது அவர் கணக்கு, டிக் கேட்டதால் கெப்பாசிட்டர்.

திறந்து பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் கொத்துக் கொத்தாக உப்பி வெடித்த காலத்திலிருந்து நமக்கெல்லாம் உப்பிய தலையைத் தேடும் பழக்கம். இங்கே எதுவும் உப்பவில்லை. பெரிய 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டும் பளிச்சென்று இருந்தன. (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் ஆளைத் தூக்கியடிக்கும் சார்ஜ் நிற்கும், அண்ணாச்சி ஒரு பல்பின் இரண்டு ஒயரையும் அதில் வைத்து வடித்த பிறகுதான் கை வைத்தார். இந்த ஒன்றுக்காகவே, பழக்கமில்லாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்காமல் இருப்பது நல்லது.) ஹீட் சிங்க்குக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, 22 மைக்ரோ ஃபாரட் 50 வோல்ட் என்று எழுதிய ஒன்று பரம சாதுவாக நின்றுகொண்டிருந்தது. அடியில் போர்டு லேசாகப் பழுப்பேறியிருந்தது, அதைத் தவிர ஒரு அடையாளமும் இல்லை.

கழற்றுவதற்கு முன் அண்ணாச்சி செய்த காரியம்தான் எனக்கு எல்லாவற்றையும் உறுதிப்படுத்தியது. டிரையரை எடுத்து, கரண்ட் கொடுக்காமலே, அந்த ஒரு கெப்பாசிட்டருக்கு மட்டும் சூடு காட்டினார். கை பொறுக்காத சூடு வந்ததும் பிளக்கைப் போட்டார். டிக் இல்லை. முள் நேராக எழுந்து 5-ல் போய் நின்றது, நின்றபடியே இருந்தது. பச்சையையும் கறுப்பையும் இணைத்ததும் ஃபேன் சுற்றியது. காய்ந்துகொண்டிருக்கும் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் ஈரம் சூட்டில் கொஞ்சம் சுறுசுறுப்பாகும், தற்காலிகமாக. அதோடு எனக்கு இன்னொன்றும் விளங்கியது. அஞ்சு பத்து நிமிடம் கரண்ட் போனபோதெல்லாம் யூபிஎஸ் தாங்கிக்கொண்டது, அரை மணி போனாலும் பெட்டிக்குள் பழைய சூடு இருந்திருக்கும், அதனால் எழுந்துவிட்டது. பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் முழுசாக ஆறிய முதல் தடவை மாட்டிக்கொண்டது. "கழட்டி வைச்சுக் காத்திரு" என்ற மருந்து இங்கே எதிர்விளைவு என்று சொன்னது இதனால்தான். காத்திருந்தால் இன்னும் ஆறும்.

புதுக் கெப்பாசிட்டர் ஐந்து ரூபாய்க்குள். பழையதை மீட்டரில் போட்டுப் பார்த்தால் 22 இருக்க வேண்டிய இடத்தில் 2-கூட இல்லை.

அதற்கப்புறம் நடந்த சண்டை

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, எழுநூறு எண்ணூறு ரூபாய்க்குப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினால் முடிந்தது என்று சர்வீஸ்காரர் சொன்னால், கடைக்காரராக இருக்கும் மாமாவுக்கு அதுதான் சரியான ஆலோசனை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெட்டிக்குள் மற்ற கெப்பாசிட்டர்களுக்கும் அதே வயதுதான், அடுத்தது எப்போது என்று தெரியாது, விண்ணப்பக் கடைசித் தேதியன்று நின்றால் கடைப் பெயர் கெடும். அதனால் கடைக்குப் புதியதே வாங்கினோம், தூக்கிப் பார்த்தபோது கையில் கொஞ்சம் கனமாக இருந்ததையே எடுத்தேன். ரொம்ப மலிவானவற்றில் உள்ளே வரும் கரண்ட்டை வடிகட்டும் சுருள்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி வைத்துப் பற்றவைத்திருப்பார்கள், எம்ஓவியும் இருக்காது. பழையது இப்போது என் மேசையில் ஓடுகிறது.

என் எரிச்சல் செலவைப் பற்றியது கிடையாது. கரண்ட் அடித்துவிட்டது என்று நம்பினால் மாமா அடுத்து என்ன செய்வார்? ஸ்டெபிலைசர் வாங்குவார், பெரிய யூபிஎஸ் வாங்குவார். பெரிய யூபிஎஸ் வாங்கினால் பெட்டி இன்னும் நீண்ட காலம் ஒரு நிமிடம்கூட ஆறாமல் ஓடும், உள்ளே காய்வது இன்னும் நன்றாக மறைந்திருக்கும். 2012 வாக்கில், சென்னைக்கு வெளியே தினமும் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாத நாட்களில், ஆறிய பிறகு எழுகிறதா என்ற பரீட்சை நம் கணினிகளுக்குத் தினமும் தானாகவே நடந்தது. எங்கள் வீட்டில் அத்தை இன்றுவரை படுக்கப் போகும்போது டிவி, செட்டாப் பாக்ஸ், மோடம் எல்லாவற்றின் சுவிட்சையும் வரிசையாக அணைத்துவிட்டுத்தான் போவார். கரண்ட் பில்லுக்காகச் செய்கிறார், அந்த மிச்சம் சொற்பம்தான். ஆனால் எங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸ் அடாப்டர் இன்னும் அதே பழையதுதான். கெப்பாசிட்டர் காயும் நேரமும் குறைகிறது, பலவீனமானது எதுவாக இருந்தாலும் காலையில் நாம் வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது.

மாமாவிடம் இதைச் சொல்லி, இரவில் கணினிக்கு மட்டுமாவது சுவிட்சை அணையுங்கள் என்றேன். கேமராவுக்கும் அதுக்கும் ஒரே போர்டு, யார் குனிந்து தேடுவது என்றார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கணினிக்குத் தனி சுவிட்ச் போட்டாயிற்று. கரண்ட் வந்ததும் உடனே போடாமல் இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் போடுங்கள் என்பதையும் சொல்லியிருக்கிறேன். உள்ளே ஆரம்பத்தில் பாயும் கரண்ட்டைத் தடுக்கும் தெர்மிஸ்டர் ஆறினால்தான் தன் வேலையைச் செய்யும், தவிர கரண்ட் வந்த முதல் நிமிடத்தில் அது இரண்டு மூன்று தடவை போய்வருவது நமக்குப் புதிதா என்ன.

மிச்சமிருப்பது அந்தக் கேமரா ரெக்கார்டரின் 12 வோல்ட் அடாப்டர். கடை திறந்த நாளிலிருந்து அதை யாரும் அணைத்ததில்லை, உள்ளே இருப்பதும் இதே வகைச் சமாசாரம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியிருக்கும்போது அதைப் பிடுங்கி இரண்டு மணி நேரம் ஆறவைத்து மாட்டிப் பார்க்கலாம் என்றேன். "நல்லா ஓடுறதை எதுக்கு மாப்ள கழட்டணும்?" என்று மாமா இன்னும் சம்மதிக்கவில்லை. நான் ஒரு 2 ஆம்பியர் அடாப்டரை வாங்கி அவர் மேசை டிராயரில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.